கேட்டுவிட்டுக் கைகொடு

ஹெப்பகோடியில் வெண்பனி கொட்டுவதில்லை. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் ஓசூர் சாலையில் மூடுபனி இறங்கும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வரும். ஊரில் அதைத்தான் பனி என்பார்கள்.

பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது 1884ஆம் ஆண்டு சனவரி மாதத்தில். தண்ணீர் உறைய வேண்டுமானால் 0 டிகிரிக்கு இறங்க வேண்டும். ஆகவே இந்தப் பக்கத்தில் யாரும் பஞ்சு போல் வானத்திலிருந்து கொட்டும் பனியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சினிமாவில் பார்த்திருப்பார்கள்.

பிறகு எதற்கு இங்கே பனி விளையாட்டைப் பற்றி ஒரு பாடம்? மாற்றுத்திறனாளிகள் விளையாடும் பனிமைதானத்தின் ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். அவர் தொண்டர். அவருக்குச் சம்பளம் இல்லை, பதக்கமும் இல்லை. ஆனால் அவர் செய்கிற வேலை, ஹெப்பகோடியின் செம்மண் மைதானத்திலும் அப்படியே தேவைப்படுகிறது. வீட்டுக்குள்ளேகூடத் தேவைப்படுகிறது. அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

இத்தாலி மலையில் இந்தியர்கள்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம், இத்தாலி நாட்டின் டூரின் நகரிலும் அதன் பக்கத்து மலை ஊர்களிலும் ஒரு போட்டி நடந்தது. அதன் பெயர் சிறப்பு ஒலிம்பிக் உலகக் குளிர்கால விளையாட்டுப் போட்டி. ஏறக்குறைய 100 நாடுகளிலிருந்து சுமார் 1,500 பேர் விளையாட வந்தார்கள். இந்தியாவிலிருந்து 30 பேர் கலந்துகொண்டார்கள். 8 தங்கம், 18 வெள்ளி, 7 வெண்கலம் என்று 33 பதக்கங்களோடு திரும்பினார்கள். அதற்கு முன் 2017ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்டில் நடந்த போட்டியில் இந்தியர்கள் 73 பதக்கங்கள் பெற்றார்கள். அதில் 37 தங்கம்.

இந்தச் செய்தி பலருக்குத் தெரியாது. கிரிக்கெட்டில் ஒரு கேட்ச் விட்டால் தெருவெல்லாம் தெரிகிறது. 33 பதக்கம் வந்தது பக்கத்து வீட்டுக்கும் தெரியவில்லை.

டூரினுக்கு அருகில் செஸ்ட்ரியர் என்று ஒரு மலை ஊர் உண்டு. சறுக்குப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கும் போட்டி அங்கே நடந்தது. அந்த ஊர் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி அதைவிடச் சற்று அதிக உயரம். ஆனாலும் ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி படிவதோடு சரி, ஆளை மூடும் அளவுக்கு வெண்பனி கொட்டாது. இத்தாலி பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் வடக்கே தள்ளி இருக்கிறது. அதனால் அங்கே அதே உயரத்தில் மாதக்கணக்கில் பனி கிடக்கும்.

சிறப்பு ஒலிம்பிக்கில் விளையாடுகிறவர்கள் யார்? அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள். இவர்களுக்குப் பேச்சு, கணக்கு, வழி நினைவு வைத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது போன்றவை மெதுவாக வரும். சிலருக்கு மிகவும் மெதுவாக வரும். இது பைத்தியம் அல்ல, தொற்று நோயும் அல்ல. யாருடைய பாவமும் அல்ல. பாராலிம்பிக் என்பது வேறொரு போட்டி. அங்கே கை கால் இழந்தவர்கள், பார்வை இல்லாதவர்கள், முதுகுத் தண்டில் அடிபட்டவர்கள் அதிகம். முதலாவது குளிர்காலப் பாராலிம்பிக் போட்டி 1976ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் நடந்தது. அடுத்த ஆண்டே, 1977 பிப்ரவரியில், முதலாவது சிறப்பு ஒலிம்பிக் குளிர்காலப் போட்டி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்தது. 500க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள்.

ஒரு வீட்டுக் கொல்லையில்

சிறப்பு ஒலிம்பிக்கின் தொடக்கம் ஒரு வீட்டுக் கொல்லைதான். யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற பெண்மணி அமெரிக்காவில் வாழ்ந்தார். அவருடைய அண்ணன் ஜான் கென்னடி அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். அவர்களுடைய சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. பணமும் பதவியும் நிறைந்த குடும்பம். அந்தக் குடும்பத்திலேயே அந்தப் பெண்ணைப் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் ஒரு விடுதியில் வைத்திருந்தார்கள். ஏழை வீட்டில்தான் ஒளித்து வைப்பார்கள் என்று நினைப்பது தவறு.

1962ஆம் ஆண்டு கோடையில் யூனிஸ் தன் வீட்டுத் தோட்டத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்தினார். நீச்சல், பந்து, ஓட்டம் எல்லாம் உண்டு. இவர்களால் எதுவும் முடியாது என்றுதான் அந்தக் காலத்தில் படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் விளையாடிக் காட்டினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1968 ஜூலையில், சிகாகோ நகரில் முதல் போட்டி நடந்தது. சுமார் 1,000 பேர் வந்தார்கள்.

இந்தியாவில் இந்தப் பணியைச் செய்வது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்ற அமைப்பு. பனி இல்லாத ஊர்க்காரர்கள் பனி விளையாட்டை எப்படிப் பழகுகிறார்கள் என்று கேட்கலாம். பனியில் கால் புதையாமல் ஓட, அகன்ற சட்டம் போட்ட காலணி ஒன்று உண்டு. அதைக் கட்டிக்கொண்டு மணலிலும் புல்தரையிலும் ஓடிப் பழகலாம். காலைத் தூக்கிப் போடும் பழக்கம் வந்துவிடும். சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் காலணியில் தார்த் தரையில் ஓடத் தெரிந்தவர், பனிக்கட்டி மேல் கத்திக் காலணியில் ஓடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். மட்டையால் ஓட்டைப் பந்தை அடிக்கும் ஃப்ளோர்பால் ஆட்டத்துக்கு ஒரு கூடம் போதும். பலகை கட்டிச் சரிவில் இறங்க மட்டும் பனிமலைக்குத்தான் போக வேண்டும்.

தொண்டர் என்ன செய்கிறார்?

பனிப் போட்டியில் தொண்டரின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். இரவில் விழுந்த பனியை வாரித் தள்ள வேண்டும். பாதையின் இரு பக்கமும் கொடி நட வேண்டும். கயிறு கட்ட வேண்டும். வெந்நீர் வைக்க வேண்டும். பிறகு, எந்த விளையாட்டு வீரர் எத்தனை மணிக்கு எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் தேடி அழைத்து வர வேண்டும்.

கேட்பதற்கு எளிது. செய்வது கடினம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சிலர் திரும்ப மாட்டார்கள். ஒலிபெருக்கிச் சத்தம் சிலரை மிரட்டிவிடும். புது இடம், புது மொழி, புது உணவு. கழிவறைக்குப் போனவர் திரும்பும் வழி தெரியாமல் நிற்பார். பெயர் அழைத்து அவர் வராவிட்டால் போட்டி போய்விடும். ஓராண்டுப் பயிற்சி ஒரு நிமிடத்தில் வீண். தொண்டர் கூடவே நிற்பதால் அது நடப்பதில்லை.

குளிரில் இன்னொரு ஆபத்து உண்டு. விரல், காது, மூக்கு நுனி ஆகியவை உறைந்து மரத்துப் போகலாம். கவனிக்காமல் விட்டால் அந்தச் சதை செத்தே போகும். "எனக்குக் குளிர்கிறது" என்று எல்லோரும் சொல்லிவிட மாட்டார்கள். சிலருக்குச் சொல்லத் தெரியாது. முதுகுத் தண்டில் அடிபட்டவருக்குக் கால் உறைவதே தெரியாது. ஆகவே தொண்டர் கையுறை ஈரமா, காலுறை ஈரமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரமானால் மாற்ற வேண்டும். வெயில் அடித்தால் பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இனி நேரம் குறிக்கும் வேலை. சிறப்பு ஒலிம்பிக்கில் எல்லோரையும் ஒன்றாக ஓட விடுவதில்லை. முதலில் தகுதி ஓட்டம் நடக்கும். நூறு மீட்டரை 20 வினாடியில் ஓடுகிறவர் ஒரு பிரிவு. 40 வினாடியில் ஓடுகிறவர் இன்னொரு பிரிவு. சமமானவர்களைச் சேர்த்து, ஒரு பிரிவில் எட்டுப் பேருக்கு மிகாமல் இறுதிப் போட்டி வைப்பார்கள். முதல் மூன்று பேருக்குப் பதக்கம், மற்றவர்களுக்கு ரிப்பன். தகுதி ஓட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடிவிட்டு இறுதியில் பறந்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆகவே ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் தொண்டரின் கை சரியாக இருக்க வேண்டும். "பாவம், போகட்டும்" என்று இரண்டு வினாடி குறைத்து எழுதினால், அந்தப் பையன் தன்னைவிட வேகமானவர்களோடு போய் மாட்டிக்கொள்வான். இரக்கப்பட்டு எழுதிய பொய் அவனுடைய பதக்கத்தையே பறித்துவிடும்.

கட்டிப் பிடிக்கும் தொண்டர்கள்

தொடக்க காலத்தில் சிறப்பு ஒலிம்பிக்கில் ஒரு வழக்கம் இருந்தது. முடிவுக் கோட்டுக்கு அப்பால் தொண்டர்கள் வரிசையாக நிற்பார்கள். ஓடி வருகிறவரைக் கட்டிப் பிடிப்பது மட்டுமே அவர்கள் வேலை. யாருமே அன்பாகத் தொடாத பிள்ளைகள் பலர் அங்கே வந்தார்கள். அவர்களுக்கு அந்த அணைப்பு பெரிதாக இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஆண்டுகள் போயின. ஓடி வருகிறவர் முப்பது வயது ஆண். தாடி வைத்திருக்கிறார். பேக்கரியில் வேலை பார்க்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் அவரைக் குழந்தையைப் போல் கட்டிப் பிடித்துக் கன்னத்தைக் கிள்ளினால் அவருக்கு எப்படி இருக்கும்? வேறு எந்த ஓட்டக்காரருக்காவது அப்படிச் செய்வார்களா? பெண் விளையாட்டு வீரருக்கு இது இன்னும் சங்கடம். தொடுவது சரியா தவறா என்று அவருக்கே குழப்பம் வந்துவிட்டால், நாளை தவறான ஆள் தொட்டாலும் அவர் சும்மா இருந்துவிடக்கூடும். இதையெல்லாம் யோசித்துப் பல இடங்களில் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். கை குலுக்குகிறார்கள். உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டுகிறார்கள். அவராக வந்து அணைத்தால் அணைத்துக்கொள்கிறார்கள்.

நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நல்ல மனசுக்கும் பயிற்சி தேவைப்படுகிறது.

விழுந்தால் தூக்கலாமா?

பனியில் விழாமல் யாரும் கற்றுக்கொள்வதில்லை. போட்டியிலும் விழுவார்கள். ஓடும்போது காலணி கழன்றுகொள்ளும். அப்போது பக்கத்தில் நிற்கும் தொண்டருக்கு முதலில் தோன்றுவது ஓடிப் போய்த் தூக்குவதுதான். அங்கேதான் அவர் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டத்தின் நடுவில் பிறர் கை பட்டால் அந்த ஓட்டமே செல்லாமல் போய்விடலாம். அடி பலமாகப் பட்டிருந்தால் மருத்துவர் வருவார். இல்லையென்றால் விழுந்தவர் தானே எழ வேண்டும், தானே காலணியை மாட்ட வேண்டும். சில நேரம் ஒரு நிமிடம் ஆகும். பார்க்கிறவருக்கு அது ஒரு மணி நேரம் போல் இருக்கும். தொண்டர் பக்கத்தில் நின்று, அவர் பெயரைச் சொல்லி ஊக்கப்படுத்தலாம். அவ்வளவுதான்.

பாராலிம்பிக் பனிச்சறுக்கில் கால் செயல்படாதவர்கள் ஒரு இருக்கையில் உட்கார்ந்து சறுக்குகிறார்கள். இருக்கைக்கு அடியில் ஒரு பலகை இருக்கும். கையில் இரண்டு கோல்கள், அவற்றின் நுனியில் சிறு பலகைகள். விழுந்தால் கோலை ஊன்றித் தாமே நிமிர்ந்துகொள்கிறார்கள். மலை உச்சிக்குப் போகும் தொங்கு நாற்காலியில் ஏறும்போது சிலருக்கு உதவி வேண்டும், சிலருக்கு வேண்டாம். வேண்டும் என்றாலும் எந்த இடத்தைப் பிடித்து, எப்போது தூக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆகவே தொண்டர் முதலில் கேட்கிறார்.

பார்வையற்றவர் பனிமலைச் சரிவில் இறங்குகிறார் என்றால் நம்பக் கடினம். ஆனால் இறங்குகிறார்கள். மோட்டார் சைக்கிளைவிட வேகமாகக்கூட இறங்குகிறார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி சறுக்கிக்கொண்டு போவார். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டிருப்பார். இருவர் தலைக்கவசத்திலும் பேசும் கருவி இருக்கும். "இடது, இடது, இப்போது வலது, மேடு வருகிறது" என்று சொல்லிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். வழிகாட்டி தொட்டு இழுக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டு சீனாவின் பெய்ஜிங் நகரில் நடந்த குளிர்காலப் பாராலிம்பிக்கில் பிரிட்டனின் நீல் சிம்ப்சன் இப்படித்தான் தங்கம் வென்றார். முன்னால் போனவர் அவருடைய சகோதரர் ஆண்ட்ரூ. வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு.

அதே போட்டியில் பயாத்லான் என்று ஒன்று உண்டு. பனியில் நெடுந்தூரம் போய், நடுவில் நின்று குறி பார்த்துச் சுட வேண்டும். பார்வையற்றவர் எப்படிச் சுடுவார்? காதில் ஒரு கருவி மாட்டிக்கொள்வார். துப்பாக்கி முனை இலக்கின் நடுவை நெருங்க நெருங்க ஓசை மாறும். அந்த ஓசையைக் கேட்டுச் சுடுவார். அந்த நேரத்தில் கூட்டம் மூச்சு விடாமல் இருக்க வேண்டும். கைதட்டுவதும் அப்போது இடைஞ்சல்தான்.

உதவிக்கும் போட்டிக்கும் நடுவே இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. இது பனியில் நடந்ததல்ல. 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டம். ஸ்பெயின் நாட்டின் எலேனா கொங்கோஸ்த் பார்வைக் குறைபாடு உள்ளவர். வழிகாட்டியும் அவரும் ஒரு சிறு கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு 42 கிலோமீட்டர் ஓடி வந்தார்கள். மூன்றாம் இடம் உறுதி. முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது வழிகாட்டிக்குத் தசை பிடித்துக்கொண்டது. அவர் கீழே சாயப் போனார். எலேனா கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். ஒரு கணம்தான். ஆனால் ஓட்டம் முடியும் வரை கயிற்றை விடக் கூடாது என்பது விதி. வெண்கலப் பதக்கம் போய்விட்டது. விதி சரி என்று சிலர் சொன்னார்கள். இரக்கம் இல்லாத விதி என்று பலர் சொன்னார்கள். இங்கே வழிகாட்டிக்கு உதவியவர் மாற்றுத்திறனாளி என்பதையும் மறக்க வேண்டாம்.

பல்வலியைச் சொல்லாத பையன்

சிறப்பு ஒலிம்பிக் போட்டிகளில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூடாரம் போடுவார்கள். 1997ஆம் ஆண்டு முதல் இது ஒரு தனித் திட்டமாக நடக்கிறது. கண் மருத்துவர், பல் மருத்துவர், காது மருத்துவர் எல்லோரும் தொண்டர்களாக வந்து இலவசமாகப் பார்ப்பார்கள். பல ஆண்டுகளாகச் சொத்தைப் பல்லோடு இருப்பவர்கள் அங்கே கண்டுபிடிக்கப்படுகிறார்கள். கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரியும் என்ற நிலையில், கண்ணாடியே இல்லாமல் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். "பிடிவாதக்காரன், சாப்பிட மாட்டான், தலையை முட்டிக்கொள்வான்" என்று வீட்டில் சொல்வார்கள். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வீங்கியிருக்கும். வலியைச் சொல்லத் தெரியாமல்தான் முட்டிக்கொண்டிருக்கிறான். இதைக் கண்டுபிடிக்க இத்தாலி போக வேண்டியதில்லை. ஒரு டார்ச் விளக்கு போதும்.

ஹெப்பகோடிக்குத் திரும்புவோம்

ஹெப்பகோடி ஆனேக்கல் தாலுக்காவைச் சேர்ந்தது. ஒரு பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டி, மறுபக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் தெருவில் கேட்கும். ஒற்றை அறை வாடகை வீடுகள் ஏராளம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் அதிகம்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பதினான்கு வயதுப் பையன். அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அம்மாவுக்குக் காலை ஆறு மணி ஷிப்டு. ஐந்தரைக்கு வண்டி வந்துவிடும். அவள் அவனை எழுப்பி, பல் தேய்த்துவிட்டு, சட்டை மாட்டி, பொத்தானையும் போட்டுவிடுகிறாள். ஊட்டியும் விடுகிறாள். அவனாகப் போட்டால் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் அவளிடம் இல்லை. இதில் அவள் குற்றம் என்ன இருக்கிறது? ஆனால் பதினான்கு ஆண்டாகப் பொத்தான் போடாத கை, இருபத்து நான்கு வயதிலும் போடாது. அம்மாவுக்கு வயதாகும்போது அந்தப் பொத்தானை யார் போடுவார்கள் என்ற பயம் எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. வெளியே சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு வரும் தொண்டரிடம் இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். "காலணியை நீயே கட்டு தம்பி, நான் இங்கேயே நிற்கிறேன்" என்று அவரால் சொல்ல முடியும். முதல் வாரம் கட்ட மாட்டான். நான்காம் வாரமும் கட்டாமல் போகலாம். தொண்டர் வாரம் தவறாமல் வர வேண்டும் என்பது அதனால்தான். ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போகிறவரால் பெரிய பயன் இல்லை.

இந்தப் பக்கத்து மண்ணுக்கும் மாற்றுத்திறனாளி விளையாட்டுக்கும் உறவு உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போனபோது பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ரியோவுக்கு முன் அவர் பயிற்சி பெற்றது பெங்களூரில். பயிற்சியாளர் சத்யநாராயணா பெங்களூர்க்காரர். இதே நகரத்தின் மாலதி ஹொள்ளா சக்கர நாற்காலியிலேயே பல பதக்கங்கள் வென்றவர். 2001ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பெங்களூரின் கண்டீரவா விளையாட்டரங்குக்குப் போவது இப்போது முன்போல் சிரமமில்லை. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ ரயில் திறக்கப்பட்டது. ஹெப்பகோடியில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கும் மெஜஸ்டிக்கில் ஊதா வழிக்கும் மாறினால் கப்பன் பார்க் வரை போகலாம். நிலையங்களில் லிஃப்ட் உண்டு. வீட்டிலிருந்து நிலையம் வரை உள்ள மேடு பள்ளத்தையும் திறந்த சாக்கடையையும் சக்கர நாற்காலி எப்படிக் கடக்கும் என்பது வேறு கதை. அதற்கு மெட்ரோ பதில் சொல்லாது. உள்ளூர் நகராட்சியிடம் எழுதிக் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. விளையாட்டில் பங்கு பெறும் உரிமையையும் அந்தச் சட்டம் சொல்கிறது. கேட்கிறவருக்கு அது துணை.

தொண்டராகப் போக விரும்புகிறவர்கள் பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளியில் விசாரிக்கலாம். பெரிய படிப்பு தேவையில்லை. தறி ஓட்டுகிறவர், தையல் வேலை செய்கிறவர், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர் யாரும் போகலாம். சில பழக்கங்களை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. "அண்ணா, என் முழங்கையைப் பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டு, அரை அடி முன்னால் நடக்க வேண்டும். சக்கர நாற்காலியைக் கைப்பிடிச் சட்டத்தில் பிடித்துத் தூக்கக் கூடாது, அது கழன்று வந்துவிடும். செங்குத்தான சரிவில் இறக்கும்போது அவரிடம் சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டும். காது கேளாதவரிடம் முகத்துக்கு நேராக நின்று பேச வேண்டும். மெதுவாகப் புரிந்துகொள்கிறவரிடம் ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டும் சொல்ல வேண்டும். சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. சொன்ன பிறகு பொறுத்திருக்க வேண்டும். பதில் வரவில்லையே என்று உடனே அவருடைய அம்மாவிடம் திரும்பி, "இவருக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்கக் கூடாது. அவரையே கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எந்தத் தொண்டரும் ஒரு பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். நல்ல அமைப்பு இதைக் கண்டிப்பாகக் கேட்கும். கேட்காத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் யோசிக்க வேண்டும். "என்மேல் சந்தேகமா?" என்று இதற்குக் கோபித்துக்கொள்கிறவர் தொண்டுக்குத் தயாராகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பேசிப் பாருங்கள்

எலேனா கயிற்றை விட்டது சரியா? விதியை மாற்ற வேண்டுமா? ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் தொண்டராக நீங்கள் இருந்தால், இரக்கப்பட்டு நேரத்தைக் குறைத்து எழுதுவீர்களா? உங்கள் தெருவில் வெளியே வராமல் இருக்கும் பிள்ளை யாராவது உண்டா? அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலிருந்து பக்கத்து மைதானம் வரை நடந்து போங்கள். ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் சக்கர நாற்காலி நிற்க வேண்டிவரும் இடங்கள் எத்தனை? மைதான வாசலின் அகலம் எவ்வளவு? பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து எத்தனை அங்குலம்? அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். நகராட்சிக்கு மனு எழுதும்போது அந்தத் தாள் வேண்டியிருக்கும்.